காசியம்மாள் கவிழ்த்த கூடை

ஊரப்பாக்கம்
16.9.2003

அன்பு மகள் ஷாரோனுக்கு அம்மா ரெபேக்காள் எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் முட்டி வலியைத் தவிர இங்கே நான் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொன்னாய், ஆனால் குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. அந்த ஊர்க் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு காலேஜுக்கு ஓடாதே, சொன்னால் கேட்கிற ஜாதியா நீ. அப்பாவுக்கு மூன்றாம் வருஷ ஜெபம் வீட்டிலேயே வைத்தேன், இருபது பேர் வருவார்கள் என்று பிரியாணி போட்டேன், பாஸ்டரோடு சேர்த்து எட்டுப் பேர்தான் வந்தார்கள், மிச்சத்தை இரண்டு நாள் நானே சாப்பிட்டேன். பக்கத்து வீட்டு அம்சா வீட்டை விற்றுவிட்டு மகனோடு தாம்பரம் போய்விட்டாள். சாயங்காலம் ஆனால் பேச ஆள் இல்லை, டிவியில் செய்தி வாசிக்கிறவன் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்கிறேன், சிரிக்காதே.

நீ தபாலில் அனுப்பிய தாள் வந்தது. உன் தீசிஸில் கோவளம் உப்பளத்துப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்கு என் வாய்ச்சொல் ஒன்றுதான் ஆதாரம், அது போதாது என்று உன் கைடு சொல்லிவிட்டார், அடுத்த மாதக் கடைசிக்குள் பழைய பேப்பரிலாவது கம்ப்யூட்டரிலாவது இன்னொரு சாட்சி தேடிக் கொடு அம்மா என்று எழுதியிருந்தாய். எப்படித் தேடுவது என்றும் வரிசையாகப் போட்டிருந்தாய். தேதியையும் பக்கத்தையும் குறித்துக்கொள், கிடைக்காவிட்டாலும் எங்கே தேடினோம் என்று எழுதி வை, யார் என்ன சொன்னாலும் மூன்று கேள்வி கேள், சொன்னது யார், அவர் அங்கே இருந்தாரா, சொல்வதால் அவருக்கு என்ன லாபம். அந்தத் தாளை நாலாய் மடித்து பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். ரயில் ஏறிச் செங்கல்பட்டு லைப்ரரிக்குப் போனேன். அங்கே சியாமளா என்று ஒரு அம்மா, நல்ல மனுஷி, ஏதோ வக்கீல் வீட்டிலிருந்து தானமாக வந்த பழைய பேப்பர் கட்டுகளை மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். நான் உனக்குச் சொன்ன 1964ஆம் வருஷம் முழுக்க இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினேன், தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோனது. இன்னாம்மா, பொண்ணுக்காக இந்த வயசுல இப்டி அலஞ்சிகினு கீற என்று சியாமளா டீ வாங்கிக் கொடுத்தபோது குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். மறுநாள் ஸ்டேஷன் எதிரே இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருக்கிற வைஷாலி நீ எழுதியபடியே வார்த்தைகளுக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுத் தட்டினாள். ரொம்ப நேரம் சுற்றிவிட்டு ஆன்ட்டி, ஒண்ணே ஒண்ணு வந்துகீது என்று துள்ளினாள். படித்துப் பார்த்தால் அது நீ போன வருஷம் கான்ஃபரன்ஸில் வாசித்தது. கோவளத்தில் நாற்பத்திரண்டு பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் மூன்று நாள் உட்கார்ந்தார்கள், சொன்னவர் ரெபேக்காள் என்று இருந்தது. ஆன்ட்டி, உங்க பேரு இன்டர்நெட்ல கீது என்று வைஷாலி கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். நான் சொன்ன பொய்யே எனக்குச் சாட்சி சொல்ல வந்து நிற்கிறது, நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்.

ஆமாம் ஷாரோன், பொய். அது தெரிந்தே, எங்காவது நிஜமாக நடந்திருக்காதா என்ற நப்பாசையில்தான் அந்தக் கட்டுகளைப் புரட்டினேன், ஒரு வரிகூட இல்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்கு மதி வேண்டாமா என்று உன்னைத் திட்டத்தான் வாய் வருகிறது, ஆனால் வடியவிட்டவள் நான். நீ இந்தப் படிப்பு எடுப்பதற்கு முன்னால் போன் செய்தால் ஐந்து நிமிஷம், சாப்பிட்டியா மாத்திரை போட்டியா, வைத்துவிடுவாய். உப்பளத்துக் கதை கேட்க ஆரம்பித்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பேசினாய். உப்பு வாரியது, உப்புத் தண்ணீரில் கால் வெடித்தது, உன் தாத்தா கருப்பன் உப்புப் பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தியது எல்லாம் நிஜம், பைபிள் மேல் சத்தியம். ஆறு மாதத்தில் அவ்வளவும் தீர்ந்துவிட்டது. அந்த ஞாயிறு அப்புறம் அம்மா என்று நீ கேட்டாய், சொல்ல ஒன்றும் இல்லை, நீ வைத்துவிடுவாயோ என்று பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை அம்மா என்று நீ சந்தோஷப்பட்டாய். எப்படி இருக்கும். போன ஞாயிறுகூட லைப்ரரி பூட்டியிருந்தது என்று இன்னொன்று அளந்தேன். உன் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். சொன்னது யார், நான். அங்கே இருந்தாளா, இருந்தாள். அவளுக்கு என்ன லாபம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்.

நடந்ததை இப்போது எழுதுகிறேன், இதற்கும் வேறு சாட்சி கிடையாது. என் சின்னம்மா காசியம்மாள் கால் புண்ணோடு நடக்க முடியாமல் நின்றாள், மேஸ்திரி அவள் தாயை இழுத்து ஏசினான், அவள் உப்போடு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். கவிழ்ந்தது அந்த ஒரு கூடைதான். நாங்கள் நாற்பது பேருக்கு மேல் இருப்போம், எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எனக்குப் பன்னிரண்டு வயசு. தலையில் கூடையோடு அவளைச் சுற்றிக்கொண்டு நடந்து போனேன். பொழுது சாயும்வரை தனியாக உட்கார்ந்திருந்தாள், மறுநாள் மேஸ்திரியிடம் கெஞ்சி வேலைக்கு வந்தாள். சாகிறவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போனில் உனக்குச் சொன்னபோது அவள் பக்கத்தில் எல்லாரையும் உட்கார வைத்தேன், என்னையும் சேர்த்து. சொல்லும்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

அந்த நாற்பத்திரண்டு பேரை எடுத்துவிடு, கைடு திட்டினால் அம்மா பொய் சொன்னாள் என்று என் பெயரைப் போட்டே சொல். போனில் சொல்ல இரண்டு வாரம் பார்த்தேன், முடியவில்லை, அதனால்தான் தபால். கோபம் இருந்தால் இருக்கட்டும், படிப்பை விட்டுவிடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சளிக்கு மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துக் குடி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் இனிமேல் கதை ஒன்றும் இல்லை ஷாரோன். நீ என்ன சமைத்தாய் என்று சொல், ஐந்து நிமிஷம் போதும்.

உன் அம்மா
பூ. ரெபேக்காள்