வேகவைத்த கல்

நவம்பர் 2
விடியலிலிருந்து தூறல். அரக்கோணம் போய் என் மீன் தொட்டிக்குக் கல் எடுத்து வந்தாயிற்று. விற்றவருக்கு வெளியூர் மாற்றல். கடல்நீர்த் தொட்டியைக் கலைத்துவிட்டு, உள்ளே இருந்த கல்லையெல்லாம் வராண்டாவில் சாக்கின் மேல் காயப் போட்டிருந்தார்.

ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தேன். கனமான கல் வேண்டாம். ஓட்டையும் பொந்துமாக, தூக்கினால் லேசாக இருக்க வேண்டும். பவளக் கிளை கொஞ்சம் கிடந்தது. தொடவில்லை, அதை வைத்திருந்தாலே வனத்துறை கேஸ்.

வளைவுக் கல் ஒன்று. பாலம் போல. பார்த்ததும் மனசு போய்விட்டது, மீன் அதன் அடியில் புகுந்து வருவது கண்ணில் தெரிந்தது. மேலே பழுப்பாக, பொத்தான் பொத்தானாகத் தோல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. வேறு ஓரிரு கல்லிலும் கொஞ்சம்.

"இன்னாங்க இது?"

"உயிரா இருந்ததுங்க, இப்ப காஞ்சு போச்சு. பிரஷ் போட்டா வந்துடும்."

வாங்க வேண்டியது: ப்ளீச்சிங் பவுடர், கெட்டி பிரஷ், ரப்பர் கையுறை, மூடி போட்ட டிரம்.

நவம்பர் 3
மழை. கடையில் கூட்டமில்லை. நனைந்த போன்கள்தான் வந்தன. எல்லாவற்றையும் பிரித்துக் காயவைத்துவிட்டு சீக்கிரம் வந்துவிட்டேன்.

நைனாவுக்குச் சாயப் பட்டறையில் வேலையில்லை. இந்த ஈரத்தில் சாயம் போட்டால் நூல் காயாது. சும்மா உட்காரத் தெரியாத மனிதர். கல் பக்கெட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

"ப்ளீச்சிங்கா? அதுல நூலே இத்துப் பூடும். கல்லு மட்டும் நிக்குமா? வேவ வெச்சிட்டா அழுக்கு தன்னால கழண்டுகினு வரும்."

"நைனா, இது நூல் இல்ல."

"ஆங், தெரியும் போடா."

அவருக்கு எதையும் வேகவைத்தால்தான் சுத்தம். இந்த வயதில் எங்கே மாற்றுவது.

நவம்பர் 4
சாயங்காலம் வந்தேன். பட்டறை ஷட்டர் சாரலுக்காக முக்கால்வாசி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால் ஒரே ஆவி. அடுப்பில் அண்டா. சின்னக் கற்களை எல்லாம் போட்டு, நூல் கிளறும் கழியால் மத்தியானம் முழுக்கக் கிளறியிருக்கிறார். வளைவுக் கல் பெரிது, இன்னும் பக்கெட்டில்.

கத்தினேன். எதற்கு? அண்டாவில் சாயம் ஒட்டியிருந்தால் மீன் செத்துவிடுமே என்று.

"சாய அண்டா இல்லடா, குளிக்க வெந்நி போடறது. உன் மீனுக்கு ஒண்ணும் ஆவாது." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்கவே இல்லை.

காப்பி வேண்டாம் என்றார். "இரும்ப நக்கினாப்பல இருக்குது வாய்."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவருக்கு நடுக்கம். இரண்டு போர்வை. எனக்கும் தொண்டை அரிக்கிறது. மழைக்கு வந்ததாக இருக்கும்.

நவம்பர் 5
நைனாவுக்கு ஜுரம் கொதிக்கிறது. கை கால் எல்லாம் உளைச்சல் என்கிறார். மூச்சு விடும்போது விசில் சத்தம். ஆட்டோ வர நேரமானது. காத்திருந்தபோது போனில் தேடினேன். பொத்தான் தோல், பழுப்பு, கடல் கல் என்று போட்டேன்.

அதே படம் வந்தது, பவள இனத்துக் கடல் உயிரி ஒன்று. காய்ந்தாலும் அதில் விஷம் இருக்குமாம். கல்லை வேகவைத்தால் விஷம் ஆவியோடு ஏறி மூச்சில் போகுமாம். வாயில் இரும்பு ருசி, நடுக்கம், ஜுரம், மூச்சுத் திணறல். நேற்று சாயங்காலத்திலிருந்து நைனாவுக்கு வந்ததை வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். சிலருக்கு இதயத்தையே பாதித்திருக்கிறது. ஆட்டோக்காரருக்கு மறுபடி போன் போட்டேன்.

ஜி.எச். டாக்டரம்மா சின்ன வயசு. "வைரல் மாதிரி தெரியுது. ஊர் முழுக்க இதான்" என்றார். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு, "வீட்ல புகை, மருந்து அடிச்சது, அந்த மாதிரி எதுனா?" என்று கேட்டார்.

பக்கத்துக் கட்டிலில் பூச்சி மருந்து குடித்த ஆள். அவர் தலைமாட்டில் போலீஸ்காரர் உட்கார்ந்து, அழுதுகொண்டிருந்த மகனைக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். யார் வாங்கினது, எங்கே வெச்சிருந்தீங்க, சண்டையா.

"இல்லீங்க மேடம்" என்றேன்.

நெபுலைசர் வைத்தார்கள். ஆக்ஸிஜனும். அதுதானே கொடுப்பார்கள், சொன்னாலும் சொல்லாவிட்டாலும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது பட்டறைக்குள் போகவே தைரியம் வரவில்லை. ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 6
பள்ளிப்பட்டிலிருந்து அக்காவும் அவள் வீட்டுக்காரர் பாவாவும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். பாவா தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். ஏகப்பட்ட பழம், ஹார்லிக்ஸ்.

"திடீர்னு இன்னாடா ஆச்சு நைனாக்கு?"

"வைரல்க்கா."

அக்கா அவர் காலைப் பிடித்துவிட்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அம்மா போனதிலிருந்து அவளுக்கு எல்லாம் நைனாதான். எனக்கும்தான்.

மூச்சு அப்படியே. நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறங்கினது ஏறக் கொஞ்சம் தாமதமானால் என் மூச்சும் நின்றுவிடுகிறது. முருகா. டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து போனேன். டியூட்டி மாறி வேறு டாக்டர். முன்பின் தெரியாத முகம். மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். திரும்பி வந்துவிட்டேன்.

நாளைக்குக் கட்டாயம்.

நவம்பர் 7
வார்டு வராண்டாவில் மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போகிறது.

மழை விட்டிருந்தது. மாத்திரை வாங்கி வந்தால் பாவாவைக் காணோம். அக்கா குழாயடியில். நைனா மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, நேற்றைக்கு இன்று கொஞ்சம் தெளிவாகவே சொன்னார்: "வூட்டுக்கு அனுப்பினேன். உன் கல்லு அரகொறையா கெடக்குதே. அந்தப் பெரிய கல்லையும் வேவ வெச்சு எடுத்துடுங்க மாப்ளன்னு என்னாண்ட இருந்த சாவிய குடுத்தேன்."

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. கிருத்திகை, ரோடெல்லாம் முருகன் மலைக்குப் போகிற கூட்டம். காவடிக்கு நடுவில் வண்டியை நுழைத்து, திட்டு வாங்கி, யார் காலிலோ ஏற்றி... எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. விறகு ஈரம், பற்றியிருக்காது, பற்றியிருக்காது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன்.

பற்றியிருந்தது. ஷட்டர் அடியில் ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே பாவா, முகத்துக்கு நேராகப் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு, கழியும் கையுமாக.

மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு புகுந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். தெருவுக்கு வந்ததும் சிரித்தார். "இன்னா மச்சான், கல்லு கொழஞ்சு பூடும்னு பயமா?"

அங்கேயே, தெருவில் நின்று சொன்னேன். எல்லாம். பொத்தான் தோல், விஷம், நான் படித்தது, டாக்டரிடம் இல்லை என்றது.

சிரிப்பு நின்றது. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "எப்ப தெரியும் உனக்கு?"

"முந்தாநேத்து."

கையில் இருந்த கழியைப் பார்த்தார். தூரப் போட்டார். வண்டியில் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஜி.எச். வரும்வரை என் தோளைப் பிடிக்கவில்லை.

பழைய டாக்டரம்மா இருந்தார். கடைசிவரை கேட்டார். "இத அன்னிக்கே கேட்டேனே." அதற்கு மேல் திட்டவில்லை. யாருக்கோ போன் செய்து பேசினார், மருந்தை மாற்றினார், நைனாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார், பாவாவைப் படுக்கவைத்தார். அண்டாப் பக்கம் யாரும் போகக் கூடாது, அடுப்பு தானாக அணையட்டும், மூடவோ கொட்டவோ வேண்டாம் என்றார். போலீஸ் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

நவம்பர் 8
வெயில். நைனாவுக்கு விசில் சத்தம் குறைந்திருக்கிறது. இட்லி ஒரு விள்ளல் உள்ளே போனது.

பாவாவுக்கு விடிகாலையில் ஜுரம் ஆரம்பித்தது. பெரிய கல், தோல் அதிகம். எவ்வளவு ஆவி இழுத்தார் என்று யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா "பார்க்கலாம்" என்கிறார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

அக்கா அந்த வார்டுக்கும் இந்த வார்டுக்கும் நடக்கிறாள். என்னோடு பேசவில்லை. பிளாஸ்க்கை நான் வாங்கப் போனால் தரையில் வைத்துவிட்டுப் போகிறாள். தொட்டியும் வேண்டாம் மீனும் வேண்டாம். அவள் என்னை ஓங்கி ஒரு அறை அறைந்தால் தேவலை.

மத்தியானம் நைனா கேட்டார்: "மாப்ள ஊருக்குப் பூட்டாரா? ஒரு வார்த்த சொல்லிகினு போவ மாட்டாரே."

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல. வெளியே போய்விட்டாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவருக்கு வந்தது கல்லிலிருந்து வந்தது, எனக்கு அன்றைக்கே தெரியும், பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன், பாவா இப்போது அடுத்த வார்டில். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மாஸ்க்கைக் கீழே இழுத்தார்.

"என்னாண்ட மட்டும் சொல்லியிருக்கலாமேடா" என்றார். "மாப்ளைய நான்தானேடா அனுப்பிட்டேன்."