முதல் பங்குக்காரர் உள்ளூர்வாசி

அண்ணே,

இன்று காலை மகன் ஒரு ஃபாரத்தைக் கொண்டுவந்து என் காபிக்குப் பக்கத்தில் வைத்தான். இங்கே பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு அட்டைப் பெட்டி செய்து கொடுக்கிறான் அல்லவா, பணம் தரும் வெளிநாட்டுக் கம்பெனி வரிக்காகக் கேட்கிறதாம். "ஓனர் யாரு, எந்த நாட்டு ஆளு, எங்க இருக்காருன்னு எழுதணும்லா அப்பா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் நினைப்புத்தான்.

ஜப்பான்காரன் காலத்தில் நான் பினாங்கு ஸ்ட்ரீட் துணிக்கடையில் சம்பள ஏஜெண்டு. முதலாளிகள் இருவரும் ஊருக்குப் போயிருந்தபோது யுத்தம் வந்து கப்பல் நின்றுவிட்டது. கடைகளெல்லாம் பதிய வேண்டும் என்று உத்தரவு. உரிமையாளர் ஒருவரும் இங்கே இல்லையென்றால் அது அந்நியர் கடை. வரி வேறு, அநேகமாகக் கதவுக்குப் பூட்டும் வரும். எங்கள் வழக்கப்படி எந்தக் காகிதத்திலும் முதல் பங்கு சாமிக்குத்தான். கை பழகிய தோஷம், அந்த ஃபாரத்திலும் முதல் பெயராகத் தண்டாயுதபாணி என்று எழுதி, முதலாளிகளை அதற்கடியில் எழுதிவிட்டேன்.

வரி ஆபீஸ் கவுண்டரில் நீங்கள் இருந்தீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் இருப்பிடம் கேட்பது உங்கள் வேலை. "இவர் இப்ப எங்கை இருக்கிறார்?" என்றீர்கள். "நம்ம கோயில் வீட்டுலதாண்ணே" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பாதி உயிர் போய்விட்டது. திருத்தித் தாருங்கள் என்று கெஞ்சினேன்.

"என்னத்துக்குத் திருத்துறது? பொய் ஒண்டும் இல்லையே" என்று அப்படியே ஜப்பான் அதிகாரியிடம் எடுத்துப் போனீர்கள்.

அங்கே நடந்த பேச்சு நீங்கள் பிறகு சொல்லித்தான் தெரியும். ஆள் இங்கேதானா என்று கேட்டாராம். இந்தத் தீவை விட்டு ஒரு நாளும் போனதில்லை என்றீர்களாம். ஏன் நேரில் வரவில்லை? வயது மெத்த, வருஷத்தில் ஒருமுறைதான் வெளியே வருவார் என்றீர்களாம். உள்ளூர்க் கடை என்று முத்திரை விழுந்தது. அவர் சந்தேகப்பட்டிருந்தால் அறை உங்கள் கன்னத்தில்தான் விழுந்திருக்கும்.

கொஞ்ச நாளில் ஆபீஸ்காரர்களுக்கே ஃபாரம் வந்தது. பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று எழுதினீர்கள். இலங்கைக்காரர் அந்நியர் என்று வேலையைப் பறித்துவிட்டார்கள். இங்கிருந்த இந்தியர்களை அப்போது அவ்வளவாகத் தொடவில்லை. "இந்தியான்னு போட்டா என்னண்ணே, கை தேஞ்சா போயிரும்?" என்று கடையில் வைத்து உங்களிடம் கத்தினேன். மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே, "சாமிக்கு எழுதினதும் உண்மை, எனக்கு எழுதினதும் உண்மை, தம்பி" என்றீர்கள். எனக்கு அழுகை வந்தது.

சண்டை முடியும்வரை அந்தக் கடையில்தான் உட்கார்ந்து கணக்கு எழுதினீர்கள். பிறகும் யாழ்ப்பாணம் போகவில்லை. இந்த ஊரிலேயே போய்ச் சேர்ந்தீர்கள்.

மகன் ஃபாரத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டான். சாமிக்கெல்லாம் இதில் இடமில்லையாம், சரிதான். ஆனால் எங்கள் கணக்குப் புத்தகத்தில் முதல் வரி இன்னும் சாமிக்குத்தான். இரண்டாவது வரியில் வருஷாவருஷம் உங்கள் பெயரை நான் எழுதுகிறேன். இன்றைக்குத்தான் அவன் கவனித்தான்.

"இவரு எங்க இருக்காருப்பா?"

"இங்கதான்" என்றேன். "இந்தத் தீவ விட்டு எங்கயும் போகல."