பதினேழாவது ஃபிரேம்

ஜூன் 14, சனி

காலை ஐந்து மணிக்குக் கம்பெனி வேன். டல்சாவில் இப்போது வெள்ளி மாலை. அம்பத்தூர் எஸ்டேட்டின் இரண்டாவது மாடியில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஓர் அமெரிக்க ஊரின் பள்ளி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன கிரிக்கெட் லீக். இருநூறு பேர் வந்தால் அதிகம். பாதிப் பேர் தெலுங்குக் குடும்பங்கள், மடக்கு நாற்காலியும் டிபன் டப்பாவுமாக.

வேகத்தை அளக்கும் கருவி வாங்க அந்த அணிக்கு வசதியில்லை. அதற்குப் பதில் என் கண். பந்து கையை விட்டுப் பிரியும் ஃபிரேமில் வீடியோவை நிறுத்தி, மட்டைக்கு வந்து சேரும்வரை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ண வேண்டும். நொடிக்கு முப்பது ஃபிரேம். பதினாறு வந்தால் நல்ல வேகம். பதினேழு என்றால் மட்டையாளருக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும்.

இன்று எண்ணியதில் பதினெட்டு பந்துகள் அண்ணனுடையவை. எல்லாம் பதினாறு.

ஆபீசில் யாருக்கும் தெரியாது. அங்கே அவன் ஜீவா கோவிந்தன், இங்கே நான் ஜி. நிஷா. தெரிந்தால் இந்த அணியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். வீட்டிலும் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவனிடம் சொன்னால் ஒவ்வொரு பந்துக்கும் எப்படி, எப்படி என்று கேட்பான். எனக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணனுடைய மூன்று பந்துகள் பதினேழு. களைப்பாக இருக்கும். எனக்கும்தான்.

ஜூன் 29, ஞாயிறு

இரவு வீடியோ காலில் வந்தான். சாப்பிட்டுக்கொண்டே பேசினான், இடது கையால். அம்மா விடுவாளா?

"இன்னாடா ஒரட்டாங்கைல துன்னுகினு கீற?"

வலது கையில் போன் இருப்பதாகச் சொன்னான். படம் ஆடவே இல்லை. போன் எதன் மேலோ சாய்ந்து நின்றிருந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும், படம் ஆடுவதையும் ஆடாததையும் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

அம்மா எழுந்து போனதும் கேட்டேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறதாம், ஒரு வாரமாக.

"யார்கிட்டயும் ஒளறாத பாப்பா. ஆகஸ்ட்லதான் அடுத்த வருசத்துக்கு ஆள் எடுக்கறான். அதுவரைக்கும் தள்ளிட்டா போதும்."

எடுக்காவிட்டால் விசாவும் கிடையாது. விசா அணியின் பேரில் இருக்கிறது. அவனுக்கு இருபத்தொன்பது வயது. இங்கே ஒரு கம்பெனி அணிக்கு ஆறு வருடம் தற்காலிக ஆளாகவே பந்து போட்டான். நிரந்தரம் செய்கிறோம், செய்கிறோம் என்று சொல்லியே அணியைக் கலைத்துவிட்டார்கள். திரும்பி வந்தால் அவனுக்காக எந்த மைதானமும் காத்திருக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பதினேழு. பதினேழு. பதினேழு. ஒரு ஓவர் முழுக்க ஒரு பந்துகூடப் பதினாறு இல்லை. நாளை டல்சாவுக்கு அரை சீசன் அறிக்கை போகிறது. கோச் முதலில் பார்ப்பது வேகத்தைத்தான்.

பந்து பிரியும் கணத்தில் கை எப்போதும் மங்கலாகத்தான் தெரிகிறது. இந்த ஃபிரேமா, அடுத்ததா — யார் சத்தியம் செய்ய முடியும்? அடுத்ததிலிருந்து எண்ணினேன். பதினாறு. முதல் பந்துக்குத்தான் தயங்கினேன். அப்புறம் கை தானாகப் போனது.

பத்துக்கு ஒரு பந்தைப் பக்கத்து சீட் ஹேமாவதி சரிபார்ப்பாள். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். உன் பங்கையும் நானே பார்க்கிறேன், நீ கிளம்பு என்றேன். போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

படித்த நாவல்களில் பொய் சொல்பவர்களுக்கு வியர்த்துக் கொட்டும். எனக்கு ஏசியில் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. அவ்வளவுதான்.

ஜூலை 7, திங்கள்

அறிக்கை போய்விட்டது. சுத்தமான வேலை என்றார் எங்கள் மேனேஜர் பார்த்தசாரதி சார்.

ஜூலை 13, ஞாயிறு

எல்லாம் பதினாறு. என் பதினாறு.

போன மாதம் மூன்று ஓவரோடு நிறுத்திவிடுவார்கள். இப்போது முழுதாக நான்கு, கடைசி ஓவரும் அவனுக்கே. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு வலது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி நடக்கிறான். நம்பிக்கை வைத்துக் கொடுக்கிறார்கள் என்று வேனில் வரும்போது சொல்லிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அவனே என் நம்பருக்குக் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

கோச்சிடம் போய்ச் சொல்லிவிட்டானாம். தோள் முடியவில்லை, இரண்டு மேட்ச் வெளியே உட்கார வையுங்கள் என்று. ஒளறாதே என்று என்னிடம் சொன்னவன், தானே போய்ச் சொல்லும் அளவுக்கு வலி.

"லேப்டாப்ப தொறந்து காட்றான் பாப்பா. ஜூன்ல போட்ட அதே ஸ்பீடாம். கை போனவன் இப்டி போடுவானான்றான். பயந்துகினு சொல்றேனாம்."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். அவனே மேலே பேசினான்.

"எனக்கே டவுட்டாப் பூட்ச்சி. மெஷினு பொய் சொல்லுமா?"

மெஷின். மெஷின்னு நெனச்சிகினு கீறான்.

போனை வைத்தபின் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். அவனுக்கு நல்லது செய்கிறேன் என்று அவன் வாயை அடைத்துவிட்டேன். அவன் சொன்னதை நம்ப விடாமல் செய்தது கோச் இல்லை, நான்.

ஜூலை 21, திங்கள்

முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து திரும்ப எண்ணினேன். ஜூலை ஆறிலிருந்து ஐந்து மேட்ச், நூற்றிருபத்து மூன்று பந்துகள். பதினேழு, பதினேழு, கடைசியில் சில பதினெட்டு. இதை அனுப்பினால் அவன் இடம் போகும். அனுப்பாவிட்டால் கை போகும். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் யோசித்தேன்.

மூன்று மணிக்கு பார்த்தசாரதி சாரிடம் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பக்கம் புரட்டினார்.

"தப்பா எண்ணிட்டியா, மாத்தி எண்ணினியா?"

"மாத்தி, சார்."

"யாரும்மா இந்தப் பையன்?"

"எங்க அண்ணன்."

எழுந்து கேபின் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். என் எதிரிலேயே டல்சாவுக்கு மெயில் எழுதினார், திருத்திய எண்களை இணைத்தார், என் பேரைப் போடவில்லை. அனுப்பி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நாளையிலேர்ந்து வராதம்மா."

ஜூலை 22, செவ்வாய்

வேன் வரவில்லை. லீவு என்றேன் அம்மாவிடம்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று அங்கே மேட்ச். அவன் ஆடினானா இல்லையா என்று பார்க்க இனி எனக்கு வழியில்லை. வழக்கம்போல விடிவதற்குள் விழித்துக்கொண்டேன். கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஜூலை 30, புதன்

அண்ணன் வீடியோ காலில் எல்லோரிடமும் சொன்னான். ஞாயிறு ஆடவில்லையாம். புது எண்கள் போன அன்றே கோச் கூப்பிட்டு ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார். தோளில் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. மூன்று வாரம் முன்னால் நிறுத்தியிருந்தால் ஓய்விலேயே ஆறியிருக்கும் என்றாராம் டாக்டர். அப்பா இரண்டு தரம் கேட்டார், மூன்று வாரமா, மூன்று மாதமா என்று. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆவடியில் கிரேன் ஓட்டி ஓட்டி.

மூன்று வாரம்ப்பா என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. அவன் பெயர் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விடியற்காலை வந்து இறங்கினான். இளைத்திருக்கிறான். ஒரே ஒரு பெட்டி, அதையும் அப்பாதான் தூக்கினார். சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் சொன்னேன். ஹேமாவதியை வீட்டுக்கு அனுப்பியதைக்கூட விடவில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தான். அடிப்பான் என்று எனக்குள் ஒரு சின்னப் பெண் காத்திருந்தாள்.

"அப்போ என் எல்லா பாலையும் நீ பாத்திருக்க."

"ஆமாண்ணா."

"ஹூஸ்டன்காரன் ஒருத்தன், நடு ஸ்டம்பு எகிறிச்சே. அதுவுமா?"

"அஞ்சாறு தரம் பார்த்தேன்."

தலையை ஆட்டிக்கொண்டான். கண்ணைத் துடைத்தானா, முகத்தைத்தான் துடைத்தானா, தெரியவில்லை.

"என்னாண்ட கேட்டுட்டு செஞ்சிருக்கலாம் இல்ல?" என்றான். "நான் வேணாம்னிருப்பேன் பாப்பா."

எழுந்து குளிக்கப் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தண்ணீர் சத்தம் கேட்கவில்லை. மன்னிப்பு என்று நான் இன்னும் கேட்கவே இல்லை, வாய் வரவில்லை. அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்சம் கழித்து வெளியே வந்தான். டீ ஷர்ட் கழுத்தில் பாதி ஏறி, வலது கைப் பக்கம் சிக்கிக்கொண்டிருந்தது. முகம் துணிக்குள்.

"நிஷா. இத்த கழட்டி வுடு."

இடது கையை முதலில் விடுவித்தேன். பிறகு தலை. வலது கையைத் தூக்க விடாமல் துணியைத் தோளிலிருந்து கீழ்ப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக வழித்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். நான் முடிக்கும்வரை அசையாமல் நின்றான்.