தழும்பு தெரியாத இடம்

என் செல்லக் கழுதை ரூபிக்கு,

நேற்றும் வந்தாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, லேபில் ஃபேன் காற்றில் எனக்குக் கண் செருகிய நேரம். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, உன் கம்பெனி மெஷினில் ஷூவுக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்தாய். "அக்கா, வாயத் தொறந்துகினு தூங்காத, ஈ பூந்துடும்" என்றாய். கண்ணைத் திறந்தால் எதிரே, நோயாளிகளின் சதைத் துண்டுகளைப் பதித்த மெழுகுக் கட்டிகள்தான் அடுக்கியிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கக் கூடாதா?

உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பழையதைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், நான்தான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

உன் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியபோது நிச்சயதார்த்தத்துக்கு இருபது நாள் இருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல் வேறு. ஒரு நெறியை முழுசாக வெட்டியெடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நான்தான் குறுக்கே புகுந்தேன். "சார், கழுத்துல வேணாம். மாப்பிள்ளை வீட்ல பார்ப்பாங்க. தொடை இடுக்குலயும் நெறி இருக்கு, அங்க எடுத்துடுங்க." லேபில் வேலை செய்கிறவள் கேட்கிறாளே என்று அவரும் தட்டவில்லை.

எனக்குத் தெரியாதா, ரூபி? ஊருக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஆம்பூரில் நாம் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர்கள். முள்ளும் கல்லும் குத்தின காலுக்குத் தொடை இடுக்கில் எப்போதும் நெறி இருக்கும். அதை எடுத்துப் பார்த்தால் பழைய புண்ணின் கதையைத்தான் சொல்லும். "கழுத்துல வீக்கம்னா கழுத்துலேருந்தே எடுத்து அனுப்புங்க" என்று எங்கள் லேப் டாக்டரம்மா தலைபாடாக அடித்துக்கொள்வதை தினமும் கேட்கிறவள் நான். லேபில் தெரிந்தது, அக்காவாகப் போய் நின்றபோது மறந்துபோயிற்று.

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தது. அம்மா கோயிலில் ஸ்தோத்திரம் சொன்னாள். லாங் பஜார் துணிக்கடையில் உனக்கு மாம்பழக் கலரில் புடவை எடுத்தோம். ஐந்து மாதம் கழித்து நீ மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்தபோதுதான் கழுத்தில் கத்தி வைத்தார்கள்.

அந்தத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றியது நான்தான். வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லை. நல்ல நெறி என்றால் மைக்ராஸ்கோப்பில் வட்டம் வட்டமாகத் தெரியும். உன்னுடையதில் ஒரு வட்டம்கூட இல்லை. ஊதா நிறம் மட்டும் கரையில்லாமல் பரவிக் கிடந்தது. நான் அதற்குள்ளே நடந்துகொண்டே இருந்தேன், உன்னைத் தேடி. அழகாக இருந்தது என்று சொன்னால் அடிக்க வருவாய். அபூர்வமான வகை லிம்போமா, நெறியில் வருகிற புற்று என்றார் டாக்டரம்மா. முன்னாடியே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "சொல்ல முடியாது, எஸ்தர்" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நீ கட்டிலில் கிடக்கும்போது அம்மா கேட்டாளே, "எவன்டி மொதல்ல தப்பான எடத்துல வெட்டுனது?" என்று. "டாக்டர்தாம்மா, அவரு காட்டின எடம்" என்றாய் நீ. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து அம்மா ஜெபத்துக்கு நடுவில்கூட அந்த டாக்டரைச் சபிக்கிறாள்.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன மாதம் ஒடுகத்தூரிலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் லேபுக்கு வந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். கழுத்தில் நெறி, காய்ச்சல். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்ததில் தெளிவாகவில்லை, முழுசாக எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், கழுத்துல வேணாம்னு சொல்லுங்க. நாளைக்கு யாரு கட்டுவான்? துணிக்குள்ள மறையுற எடமா எடுக்கச் சொல்லுங்க."

"நானும் இப்படித்தான் கேட்டேம்மா, என் தங்கச்சிக்கு" என்றேன்.

"தங்கச்சி இப்ப எப்டி இருக்காங்க?"

"இல்லம்மா."

அவள் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண்தான் பேசினாள்: "எடுக்கட்டும்மா. துப்பட்டா போட்டுக்கிறேன்."

மறுபடியும் என் கையால்தான் சீவினேன். முதல் பார்வைக்கு லிம்போமா மாதிரியே இருக்கிறது என்று டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். வேறு சாயங்கள் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அவரே என் மேசைக்கு வந்து, "எஸ்தர், இது கிக்குச்சி" என்றார். சின்ன வயசுப் பெண்களுக்கு எப்போதாவது வருகிற நோய். பார்க்கப் புற்று மாதிரி பயமுறுத்தும், தானாகவே அடங்கிவிடும்.

"காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரையா? வேற மருந்தே வேணாமா?" என்று அந்த அம்மா மூன்று தரம் கேட்டாள். பிறகு வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ரூபி. பொறாமையாகவும் இருந்தது. உன்னிடம் மறைப்பானேன்?

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல முடிந்ததை, பெற்றவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லையே. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போகிறேன். அம்மா அந்த டாக்டரைச் சபிக்க வாயெடுக்கும்போது, "அவர் இல்லம்மா, இடத்தைச் சொன்னது நான்" என்று சொல்லிவிடுவேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். வெளியே போ என்றால், அவள் கதவைத் திறக்கிறவரை வாசலிலேயே இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீ சொன்ன பொய்க்குள் இத்தனை நாள் ஒளிந்திருந்த
உன் அக்கா,
எஸ்தர்