ஏழாவது கையெழுத்து

4 செப்டம்பர் 1987

அன்பு நுஹாத்,

சைப்ரஸ் கப்பலுக்குப் போகிற ஆள் வாசலில் நிற்கிறான், அதனால் அவசரம். நான் இங்கே சுகம் என்று எழுதினால் பொய்.

துப்புரவு ஆட்கள் நாற்பது பேருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. நகராட்சிப் பணம் வங்கியில் இருக்கிறது. எடுக்க ஏழு உறுப்பினர் கையெழுத்து வேண்டும். லெபனானில் இருபத்துநாலு வருஷமாக நகராட்சித் தேர்தலே இல்லையே! பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் கல்லறையில். ஆறு பேர் ஊரில். மிச்சம் உன்னோடு அங்கே இருக்கும் உன் அப்பாதான். போன ஜனவரியில் என்றால் அந்தப் பணம் மூன்று மாத ரொட்டிக்கு ஆகியிருக்கும். நம் லிரா நாணயத்தின் மதிப்பு விழுகிற வேகத்தில் இன்று மூன்று வாரத்துக்கே காணாது.

நேற்று துப்புரவு மேஸ்திரி தன்னூஸ் என் மேசையைத் தட்டினான். "பெட்டியில காசு இருக்காம், கையெழுத்து இல்லையாம்! அதை எங்க வயித்துக்கிட்ட சொல்லுங்க, கணக்கரய்யா." இடுப்பில் துப்பாக்கி இருந்தது.

பயமாக இருக்கிறது. சம்பளத் தீர்மானத்தை இணைத்திருக்கிறேன், மாமாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு.

உன் வதீஹ்

லார்னகா, சைப்ரஸ், 10 செப்டம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா படுக்கையில் சாய்ந்தபடியே இரண்டு தரம் படித்தார். "கணக்கைக் கண்ணால பாக்காம நான் என்னிக்குக் கையெழுத்து போட்டேன்? மாப்பிள்ளைக்காகப் போட்டா ஊரே காறித் துப்பும். அவரை இங்க கிளம்பி வரச் சொல்லு" என்கிறார். எனக்கும் அதுதான் ஆசை. எல்லோரும் சண்டைக்குப் பயந்து ஓடிவந்துவிட்டார்கள், நீங்கள் மட்டும் யாருக்காக அங்கே?

நுஹாத்

15 செப்டம்பர்

நுஹாத்,

என் அறை ஜன்னலில் இரண்டு குண்டு. யார் சுட்டது என்று கேட்கக்கூடத் தைரியமில்லை. குப்பை பள்ளிச் சுவரைத் தாண்டிவிட்டது, எலிகள் பகலிலேயே திரிகின்றன. எதிர்வீட்டு ரீமாவுக்கு டைபாய்டு. ஆறு வயசு. நான் ஓடினால் காசோடு ஓடினான் என்பார்கள். கணக்கு முழுவதையும் நகலெடுத்து அனுப்புகிறேன். காலில் விழுந்து கேட்டேன் என்று மாமாவிடம் சொல்.

வதீஹ்

லார்னகா, 20 செப்டம்பர்

கையெழுத்து இத்துடன். அப்பா தூங்குகிறார். கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள்.

நுஹாத்

26 செப்டம்பர்

என் உயிரே,

பாதிச் சம்பளம் கொடுத்தாயிற்று. வண்டிகள் ஓடுகின்றன. தன்னூஸ் என் தலையில் முத்தமிட்டு, "உங்க மாமனார் நூறு வருஷம் இருக்கணும்" என்றான். மீதிப் பாதி இன்னும் பாக்கி, அதனால் அக்டோபர் தீர்மானத்தையும் அனுப்புகிறேன். மாமா சிரமம் பார்க்காமல் இதிலும் கையெழுத்துப் போடட்டும்.

வதீஹ்

லார்னகா, 2 அக்டோபர்

அன்புள்ள உங்களுக்கு,

படித்ததும் இதை எரித்துவிடுங்கள்.

அப்பா பதினெட்டாம் தேதி காலையில் போய்விட்டார். மறுநாள்தான் உங்கள் கணக்கு நகல் வந்தது. அவர் பார்க்கவே இல்லை. தூரத்துக் கிராமம் ஒன்றில் அடக்கம். பாதிரியார், நான், குழி வெட்டிய இருவர், அவ்வளவுதான். ஊர்ச் சுவரில் மரண அறிவிப்பு ஒட்டினால் நாற்பது வீட்டு அடுப்பு அணையும், அடுத்த குண்டு உங்கள் மேல்தான் பாயும். இங்கேயும் நம் ஊர்க்காரர் மூன்று வீடு இருப்பதால் நான் கருப்பு உடுத்தவில்லை, வாய்விட்டு அழவில்லை. சந்தையில், "அப்பா எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்கிறார்கள். "நல்லா இருக்கார்" என்கிறேன்.

கணக்கை நான் படித்தேன், வரிக்கு வரி. அவர் சார்பில் அதையாவது செய்தேன். உங்களையும் பொய்யில் இழுத்துவிட்டேன், மன்னியுங்கள்.

அக்டோபர் தீர்மானத்திலும் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நுஹாத்