ஹுதா அன்ரி வீட்டுக்கு வந்த பின்னேரம்

அக்கா,

என் போன் அம்மாவிடம் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

எங்கள் கட்டடத்தின் கீழறையில் ஒரு அரபு இசைக்குழு பழகுகிறது. அவர்களோடு நானும் வயலின் வாசிக்கிறேன். எல்லோரும் கதிரையில் இருப்பார்கள். நான் மட்டும், நாங்கள் கர்நாடக இசை வகுப்பில் பழகியபடி, தரையில். இரண்டு சுரங்களுக்கு நடுவே அவர்களுக்கு ஒரு சுரம் உண்டு. கமகம் பழகிய என் விரல் தானாக அங்கே போய் நிற்கும்.

சனிக்கிழமை லுசேர்ணில் கச்சேரி. சுவிஸ்காரர், துருக்கியர், எரித்திரியர் என்று பலரும் வருவார்கள்.

"கீழ மட்டும் வாசி. ஒருத்தி சொல்லாமல் வீட்டை விட்டுப் போனது காணும், இன்னொருத்தி வேண்டாம்," என்று அம்மா சொல்லிவிட்டா. நீ போன பிறகு என் பள்ளிக்கூடத்தையும் அம்மா இப்படிச் சொல்லித்தான் நிறுத்தினா. உன்னைக் குறை சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் குழுவை நடத்தும் ஹுதா அன்ரியே மேலே வந்து என்னை அனுப்பும்படி கேட்டா. அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"உனக்குக் காய்ச்சல் எண்டு நீயே டொச்சில சொல்லு."

ஜேர்மன் மொழியில் அப்படியே சொன்னேன்.

அன்ரி என் நெற்றியில் கையை வைத்தா. கனநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "கெதியாச் சுகமாகு," என்று டொச்சில் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனா.

எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை, அக்கா. நீ பயப்படாதே.

உன்
தங்கச்சி