ஸ்பென்னன என்றால் என்ன

காலை ஐந்தரை. நல்ல நித்திரையில் இருந்தீர்கள், எழுப்பாமல் வேலைக்குப் போகிறேன்.

இடியப்பமும் சொதியும் பிரிட்ஜில் இருக்கின்றன. சொதியைக் கொதிக்க விடாமல் சூடாக்குங்கள்.

நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கார்ஸ்டன் வருகிறார். எங்கள் புல்லைப் பற்றித்தான் கதைப்பார். போன கிழமை வேலிக்கு மேலால் பார்த்து, தோட்டம் "ஸ்பென்னன" என்றாரே. டேனிஷ் அகராதியில் அதற்குச் சுவாரசியம் என்றுதான் இருக்கிறது. நீங்கள் நன்றி சொல்லி ரோல்ஸும் கொடுத்தீர்கள். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒருநாள் என் ரசத்தை ஒரு வாய் குடித்தவர்களும் அதே சொல்லைச் சொல்லித்தான் கோப்பையைத் தள்ளி வைத்தார்கள். பிடிக்கவில்லை என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

நேற்று இதைச் சொன்னதற்கு, "நீ ஆரின்ர பக்கம்?" என்று கத்தினீர்கள். உங்கள் பக்கம்தான். ஆனால் தெருவில் எங்கள் புல் மட்டும் முழங்கால் உயரம். நாயோடு நடக்கிறவர்கள் எங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் கையசைத்தால் முன்போல் கையசைப்பதில்லை.

அவர் வருமுன் வெட்டிவிடுங்கள். புல்வெட்டி இருக்கும் கொட்டிலின் திறப்பு என் நீல ஜாக்கெட் பையில்.

கமலா

பி.கு. ஹேர்னிங் நகரத்து அடுக்குமாடி வீட்டை விட்டு இங்கே வர ஆசைப்பட்டது நான்தான். அதனால்தான் இரவு அப்படிக் கேட்டேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்கள். திரும்பவும் கேட்கிறேன்.

"உங்களுக்குப் புல்லு வெட்ட மனமில்லையோ, இல்லாட்டி இந்த வீட்டில இருக்கவே மனமில்லையோ?"